வெள்ளைச் சுவரும் எழுதிய கல்லும்: பழவேற்காடு தரும் வரலாற்றுச் செய்திகள்

 

மத்தியதரைக் கடலின் தென்கரையில், துனீசிய நாட்டின் தலைநகரான தூனிஸுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடகிழக்கே, கடலைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும் குன்றொன்றின் மீது சீதி பூ சயீத் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊர் முழுவதும் வெண்மை. சுண்ணாம்பு பூசிய சுவர்கள், நீலம் தீட்டிய கதவுகள், கல் பாவிய சரிவான தெருக்கள், தெரு முடியும் இடத்தில் கடல். ஹிஜ்ரி 628 இல், அதாவது கி.பி. 1231 இல் மறைந்த அபூ சயீத் அல்பாஜீ (ரஹ்) அவர்களின் பெயராலேயே அவ்வூர் வழங்குகிறது. அன்னார் அக்குன்றில் தங்கி வணக்கத்தில் ஈடுபட்டு அங்கேயே அடக்கமானார்கள். அவர்களைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

இதே கடலின் எதிர்க்கரையிலும் குன்றின் மேல் வெள்ளை ஊர்கள் உண்டு. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியாகிய அந்தலுஸில் முஸ்லிம்கள் அமைத்த குறுகிய தெருக்களும் வெண்சுவர் வீடுகளும் இன்றும் நிற்கின்றன. ஆனால் 1492 இல் கிரனாடா வீழ்ந்த பின்னர், 1609 முதல் 1614 வரை பிறப்பிக்கப்பட்ட ஆணைகளால் அம்மக்களின் வழித்தோன்றல்கள் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பலர் கடல் கடந்து துனீசியாவில் தஞ்சம் புகுந்தனர். வீடு ஒரு கரையிலும் வீட்டார் மறு கரையிலுமாகப் பிரிந்த வரலாறு அது.

இவ்வூர்களின் படங்களைக் கைப்பேசியில் காட்டி, "ஹஜ்ரத், இதைப் பாருங்கள்!" என்று நம் ஜமாஅத்தின் இளைஞர்கள் வியந்ததுண்டு. வியப்பதில் குற்றமேதும் இல்லை. எனினும், நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தொலைவில், அரபுக்கடலோடும் மலாய்க்கடலோடும் உறவு கொண்டிருந்த ஒரு பழைய துறைமுகப் பட்டினம் இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பழவேற்காட்டைத்தான் கூறுகிறோம். அங்கே குன்று இல்லை. கடலுக்கும் ஏரிக்கும் இடையே மணல் மேட்டில் அமர்ந்த ஊர் அது. சீதி பூ சயீதைப் போல அழகுபடுத்தி வைத்தாருமில்லை. ஆயினும் சுண்ணாம்பும் கடலும் பள்ளிவாசலும் பழைய வணிகமும் அங்கே உண்டு. அவ்வூருக்குச் சென்று கண்டவற்றையும் அவ்வூர் பற்றிக் கற்றவற்றையும் இங்கே ஜமாஅத்தார் முன் வைக்கிறோம்.

பெயரிலேயே பழமை

பழவேற்காடு என்னும் பெயரிலேயே 'பழ' என்ற சொல் முன்நிற்கிறது. போர்ச்சுகீசியர் இதைப் பலியக்காட் என்றனர். ஆங்கிலேயர் புலிகாட் என்று திரித்தனர். புலிக்கும் இவ்வூருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை மட்டும் சிறுவர்களுக்குச் சொல்லி வைக்கலாம். ஊரை ஒட்டிய உவர்நீர் ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இரண்டாவது பெரியது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. ஏரியையும் வங்கக்கடலையும் பிரித்துக் கிடக்கும் தீவுதான் விண்கலங்கள் ஏவப்படும் ஸ்ரீஹரிகோட்டா. கடலின் சீற்றம் தாக்காத நீர்நிலையும், அதிலிருந்து கடலுக்குச் செல்ல ஒரு முகத்துவாரமும் இருந்தமையால் பழங்காலத்து மரக்கலங்களுக்கு இவ்விடம் பொருத்தமாயிற்று.

மதீனாவிலிருந்து புறப்பட்ட அரபு மக்கள் சிலர் 13 ஆம் நூற்றாண்டில் மரக்கலங்களில் வந்து இக்கரையில் இறங்கினர் என்பது அவ்வூர் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி. இத்தகைய செய்திகளை எவ்வாறு அணுகுவது? ஹதீஸ் கலையைப் பயின்றோர் முதலில் கேட்பது சனதையே. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், இடையில் தொடர் அறுந்துள்ளதா என்று பார்ப்பர். தொடர் அறுந்த செய்தி பொய் என்று ஆகிவிடாது. அதே வேளையில் அதை உறுதியான ஆதாரமாக நிறுத்தவும் இயலாது. மதீனாச் செய்தியையும் நாம் அந்த இடத்திலேயே வைக்கிறோம். ஆனால் 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா என்னும் போர்ச்சுகீசியர், பழவேற்காட்டில் முஸ்லிம்களும் இந்துக்களும் பெருவணிகம் நடத்தியதைக் குறித்துள்ளார். அக்காலத்தில் இவ்வூர் விஜயநகரப் பேரரசின் முதன்மையான துறைமுகங்களுள் ஒன்று. எனவே ஐரோப்பியர் வந்து இறங்கும்போதே இங்கே நம்மவர் நிலைபெற்ற வணிகராக இருந்தனர் என்பதில் ஐயமில்லை. அதற்குச் சான்று கூறுபவர் நம்மை விரும்பாத போர்ச்சுகீசியர் ஒருவர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு நிழற்கடிகாரம் உண்டு. மின்கடிகாரமும் கைப்பேசியும் பாங்கு நேரத்தைச் சொல்லும் இக்காலத்தில் அதை நின்று பார்ப்பவர் குறைவு. தமிழகக் கடற்கரையின் மரக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். ஒரு பொருளின் நிழல், உச்சிவேளை நிழல் நீங்கலாக, அப்பொருளின் உயரத்திற்குச் சமமானால் அவர்களுக்கு அஸ்ர் நேரம் தொடங்கிவிடும். ஹனஃபிகளாகிய நம்மில் பலருக்கு அது இரு மடங்காக வேண்டும். நம் ஊர்ப் பள்ளிக்கும் கடற்கரைப் பள்ளிகளுக்கும் அஸ்ர் பாங்கில் ஏன் வேறுபாடு என்று வினவும் மாணவர்களை அக்கல்லின் முன் நிறுத்தினால், ஒரு பாடப்புத்தகம் சொல்லாததை நிழல் சொல்லிவிடும்.

கோட்டை வந்த கதை

நெதர்லாந்து நாட்டு வணிகர்கள் 1602 இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றை நிறுவினர். அவர்களின் நோக்கம் கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்தவை இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கா, பண்டா தீவுகள். அத்தீவு மக்கள் வெள்ளியைவிட விரும்பிக் கேட்டது நம் சோழமண்டலக் கரையின் சாயத்துணியை. ஆகவே, நறுமணப் பொருள் வாங்க வேண்டுமானால் முதலில் துணி வாங்க வேண்டும். துணி வாங்கப் பழவேற்காட்டுக்கு வர வேண்டும். 1610 இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியுடன் டச்சுக்காரர் இங்கே பண்டகசாலை அமைத்தனர். 1612 இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அதைத் தாக்கி அழித்தனர். அதன் பின்னரே 1613 இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. கெல்டர்லாந்து என்பது அக்கோட்டையைக் கட்டிய டச்சுத் தலைவரின் சொந்த மாநிலத்தின் பெயர். பிறந்த மண்ணின் பெயரை ஏழு கடல் தாண்டிச் சூட்டினார்.

1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரரின் தலைமையகமாகப் பழவேற்காடே இருந்தது. கம்பெனிக்கு வேண்டிய வெடிமருந்தும் இங்கே உற்பத்தியானது. 1639 இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றபோது, அவ்வூரைவிடப் பழவேற்காடு பல மடங்கு பெயர்பெற்ற துறைமுகம் என்றால் இன்று நம்புவது கடினம். 1690 இல் தலைமையகம் நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1781 இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய பின் மீண்டும் பழவேற்காட்டுக்கே வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் வசப்பட்டும் திரும்பியும் வந்த ஊர், 1824 ஆம் ஆண்டின் உடன்படிக்கையின்படி 1825 இல் முழுமையாக ஆங்கிலேயரிடம் சென்றது. கோட்டையின் நிலை என்ன? புதர் மண்டிய மேடு, சிதைந்த செங்கல், அகழியின் தடம். அவ்வளவே.

இந்த வணிகத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். 1621 இல் டச்சுக்காரர் பண்டா தீவுகளைப் படையெடுத்து வென்றனர். அம்மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களில் மிகப் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டனர். அல்லது பட்டினியால் மாண்டனர். எஞ்சியோரில் பலர் நாடு கடத்தப்பட்டனர். ஜாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய ஆளில்லை. அந்த இடத்தை நிரப்ப விலைக்கு வாங்கிய மனிதர்களைக் கப்பலேற்றினர். நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அத்தகைய கப்பல்கள் படேவியாவுக்குச் சென்றன. இன்றைய ஜகார்த்தாதான் அப்போதைய படேவியா. இக்கரையில் பஞ்சமோ போரோ வந்த ஆண்டுகளில் விற்பனை பெருகியது. 1646 ஐ ஒட்டிய பஞ்சத்திலும், 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பீஜப்பூர்ப் படைகள் சூறையாடிய காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர். பசிக்குப் பெற்ற பிள்ளையை விற்ற தாய் தந்தையர் இருந்தனர். சூறையாடிய படை ஒரு முஸ்லிம் சுல்தானுடையது என்பதை மறைத்து, வாங்கியவர் ஐரோப்பியர் என்பதை மட்டும் உரக்கச் சொல்வது நியாயமன்று. அந்தச் சனங்களில் ஒருவரின் பெயரும் பழவேற்காட்டில் எங்கும் எழுதப்படவில்லை.

கைலியில் வாழும் ஊர்ப்பெயர்

பழவேற்காட்டுத் துணி பற்றிச் சிறிது விரிவாகவே கூற விரும்புகிறோம். சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பு, அவுரியிலிருந்து எடுத்த நீலம் ஆகியவற்றால் நூலுக்குச் சாயமேற்றி, கட்டம் கட்டமாக நெய்த துணி இவ்வட்டாரத்தின் சிறப்பு. நெய்தவர், சாயமிட்டவர், வாங்கிக் கப்பலேற்றியவர், கடல் கடந்து விற்றவர் என்று பல சாதியாரும் சமயத்தாரும் ஒரே துணியில் கை வைத்திருந்தனர். அத்துணி மலாய் நாடுகளில் பெருவழக்காயிற்று. இன்றும் மலேசியாவில் ஆண்கள் வீட்டில் உடுத்துவதும், தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்லும்போது அணிவதுமான கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்' என்று பெயர். இந்தோனேசியாவிலும் இதே பெயர் சிறு ஒலி வேறுபாட்டுடன் வழங்குகிறது. பெலிக்காட் என்பது பழவேற்காடே!

நம் பகுதியில் பழைய துணிக்கடைக்காரர்கள் 'பாளையக்காட் லுங்கி' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இவ்வூர்ப் பெயர்தான். ஊரின் துறைமுகம் தூர்ந்தது, கோட்டை இடிந்தது, தறிகள் வேறு ஊர்களுக்குப் போயின. சென்னை வளர வளர வணிகரும் நெசவாளரும் அங்கே பெயர்ந்தனர். பின்னர் மான்செஸ்டர் ஆலைத்துணி வந்து எஞ்சியதையும் நலிவித்தது. இத்தனைக்கும் பிறகு, ஊரை ஒருமுறையும் கண்டிராத மலாய்ச் சகோதரர் ஒருவர் ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் அதன் பெயரை இடுப்பில் கட்டிக்கொண்டு செல்கிறார். துணி கிழியும் பொருள். ஆனால் அதன் பெயர் கல்லைவிட நீண்ட நாள் நின்றிருக்கிறது.

இரு வகைக் கல்லறைகள்

டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கி வைத்துள்ளனர். உள்ளே வருவோர்க்கு மரணத்தை நினைவூட்டுவதற்காக. கப்ருகளைச் சந்திப்பது மறுமையை நினைவூட்டும் என்று நமக்கும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். செய்தி புதிதன்று, அவர்கள் அதைச் சொன்ன முறைதான் வேறு. உள்ளே 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய பெரிய கற்பலகைகள். ஒவ்வொன்றிலும் இறந்தவரின் பெயர், வகித்த பதவி, இறந்த தேதி, குடும்பச் சின்னம் ஆகியன ஆழமாக வெட்டப்பட்டுள்ளன. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்குப் பிறகும் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படுகிறது. அந்நாட்டிலிருந்து வருவோர் தம் முன்னோரைப் பெயர் சொல்லித் தேடிக் காண முடிகிறது.

அதே ஊரில் நம்மவரின் மையவாடியும் உண்டு. டச்சுக்காரருக்கு முன்பே வந்து, அவர்கள் போன பின்னும் தங்கியவர்கள் நம்மவர்கள். ஆனால் அங்கே மண்மேடும் புல்லுமே மிகுதி. பெயர் இல்லை, தேதி இல்லை. இதைக் கண்டு "நம்மவருக்கு வரலாற்று உணர்வு இல்லை" என்று எழுதுவோர் உளர். அது அறியாமையால் எழுவது. கப்ரைச் சுண்ணாம்பால் பூசுவதையும் அதன் மீது கட்டடம் எழுப்புவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு சஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதன் மீது எழுதுவதையும் தடுத்ததாகத் திர்மிதீயின் அறிவிப்பில் கூடுதலாக வருகிறது. அதே நேரத்தில், உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) அவர்களின் கப்ருக்கு அடையாளமாக நபி (ஸல்) அவர்கள் ஒரு கல்லை வைத்ததையும் அபூதாவூத் நூலில் காண்கிறோம். அடையாளத்திற்காகப் பெயர் எழுதலாமா என்பதில் இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை விரிப்பதற்கு இது இடமன்று. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. மண்ணறையில் அரசனும் ஆண்டியும் சமம் என்னும் கொள்கையால் நம் முன்னோர் கல்லில் எழுதாமல் விட்டனர். சரியே. அப்படியானால் நம் வரலாறு வேறு எங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும்?

சில இடங்களில் பள்ளிவாசல் சுவரிலேயே எழுதினார்கள். திருச்சி கோட்டை இரயில் நிலையத்தை அடுத்துள்ள சிறிய கல்லுப்பள்ளியில் ஹிஜ்ரி 116 ஆம் ஆண்டைக் குறிப்பதாகக் கூறப்படும் அரபிக் கல்வெட்டு உண்டு. மதுரை கோரிப்பாளையத்தில் 1573 ஆம் ஆண்டின் வீரப்ப நாயக்கர் காலக் கல்வெட்டு, பள்ளிவாசலுக்குரிய நிலத்தை உறுதி செய்கிறது. இவை கப்ரின் மீதல்ல, கட்டடத்திலும் நிலத்திலும் எழுதப்பட்டவை. அவை இருப்பதால்தான் இன்று நாம் நெஞ்சு நிமிர்த்திப் பேச முடிகிறது.

இங்கே சுண்ணாம்பைப் பற்றி ஒரு சொல். பழவேற்காடு ஏரியில் கிடைக்கும் கிளிஞ்சல்களைச் சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது பழைய தொழில். அக்கிளிஞ்சல் ஏரியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே தோணிகளில் சென்னைக்கு வந்தது. 1806 இல் தொடங்கப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்பட்ட அக்கால்வாய்க்கு, 1877, 1878 தாது வருடப் பஞ்சத்தின்போது ஆளுநராயிருந்தவரின் பெயர் சூட்டப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்புடன் வெல்லநீரும் கடுக்காய்ச்சாறும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்தால் சுவர் பளிங்கு போல் மின்னும். சென்னைச் சுண்ணப்பூச்சு என்று ஐரோப்பியர் வியந்தது இதுவே. இச்சுண்ணாம்புக்கு ஒரு குறையும் உண்டு. ரமலானுக்கு முன் பள்ளிக்கு வெள்ளை அடிப்பது நம் வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் ஆண்டுக்கு ஒரு பூச்சு என்று ஏறினால், நூறு ஆண்டுகளில் நூறு பூச்சு. கதவு நிலைக்கு மேல் யாரோ வெட்டிய நான்கு வரி அரபி எழுத்து அதனடியில் புதைந்துவிடும். தமிழகத்தில் எத்தனை பழைய பள்ளிகளின் கல்வெட்டுகள் இவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றனவோ, அல்லாஹ் அறிவான். பழைய பள்ளிகளின் முத்தவல்லிகள் அடுத்த முறை வெள்ளை அடிக்கும் முன் ஒரு முறை சுவரை உற்று நோக்கினால் நன்று.

சீதி பூ சயீதின் வெள்ளையும் நீலமும் தானாக நிலைத்தவை அல்ல. பிரெஞ்சு ஆதிக்கக் காலத்தில் அங்கே குடியேறிய ருடோல்ஃப் தெர்லாங்கர் என்னும் ஓவியரும் இசை ஆய்வாளருமான பிரபு ஒருவரின் முயற்சியால், 1915 இல் அவ்வூரின் தோற்றத்தைக் காக்க ஆணை பிறந்தது. கண்டபடி இடிக்கவும் கட்டவும் கூடாது என்றாயிற்று. அவ்வாறு காக்கப்பட்ட ஊரிலும் 2013 ஜனவரியில் அபூ சயீத் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்திற்குத் தீ வைக்கப்பட்டுப் பெருஞ்சேதம் விளைந்தது. பின்னர் சீர் செய்தனர். பழவேற்காட்டின் பழைய தெருக்களிலுள்ள ஓட்டு வீடுகளுக்கும் மரத்தூண் திண்ணைகளுக்கும் அத்தகைய ஆணை எதுவும் இல்லை. டச்சுக்காரரின் கல்லறைக்குக் காவல் உண்டு. குடியிருந்தவரின் வீட்டுக்கு இல்லை. வாரிசுகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சென்றுவிட்ட நிலையில், ஒழுகும் வீட்டைப் பழுது பார்ப்பதைவிட இடிப்பதே அவர்களுக்கு எளிது. அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

எந்த ஷஃபான்?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், ஷஃபான் மாதம் எனக் குறித்த ஓர் ஆவணம் அவர்கள் முன் வந்தது. "எந்த ஷஃபான்? சென்றதா, வருவதா, நடப்பதா?" என்னும் கேள்வி எழுந்தது. ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு ஏற்படுத்தப்பட்டதற்கு இதுவே காரணமாயிற்று என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதன்று, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும் நாம் அறிவோம். கல்லறையில் எழுத வேண்டாம் என்ற மார்க்கமே, ஏட்டில் எழுது, தேதியிட்டு எழுது, சாட்சி வைத்து எழுது என்கிறது. ஆகவே நம் மையவாடியின் மௌனம் குறையன்று. நம் அலமாரிகளின் மௌனமே குறை.

கடற்கரை ஊர்களில் ஏடுகள் இல்லாமல் இல்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏடுகள் பல வீடுகளில் இருந்தன. உப்புக்காற்றும் கரையானும் ஒரு பகுதியை உண்டன. எஞ்சியதைப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள், அது குர்ஆனோ என்னும் அச்சத்தால் கிணற்றிலோ கடலிலோ இட்டனர். பலசரக்குக் கணக்கும், கப்பல் சரக்குப் பட்டியலும், பாட்டனாரின் கடிதமும் இப்படி மரியாதையோடு அழிந்தன!

நம் ஊரின் நிலை வேறு. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆவடிப் படைக்கலத் தொழிற்சாலைகள், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஆகியவற்றில் வேலை பெற்றும், வணிகத்தை நாடியும் பல மாவட்டங்களிலிருந்து வந்து இப்புறநகர்ப் பகுதியில் குடியேறியோர் நம்மில் மிகுதி. முன்னோரின் கப்ரு ஓர் ஊரில், வீட்டுப் பத்திரம் ஓர் ஊரில், நிகாஹ் பதிவு வேறோர் ஊரில். ஒரு தலைமுறை கழிந்தால் எந்த ஊர் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்பதற்கே சான்று தேட வேண்டியிருக்கும். இது வெறும் பழம்பெருமைப் பேச்சன்று. 2025 ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே ஓர் இடம் வக்ஃபு ஆகும் என்னும் பழைய ஏற்பாட்டை இனி ஏற்படுபவற்றுக்கு நீக்கியது. வக்ஃபு சொத்துகளின் விவரங்களை இணையதளத்தில் பதிவேற்றவும் வேண்டியதாயிற்று. பல ஊர்களில் முத்தவல்லிகள் தகரப் பெட்டிகளைத் திறந்து தேடிய நாட்கள் அவை. பத்திரம் இருந்தவர் நிம்மதியாக உறங்கினர். "எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து இங்கே தொழுகிறோம்" என்பதை மட்டுமே வைத்திருந்தவர் படபடத்தனர். தொடர் அறுந்த செய்தியின் வலிமை எவ்வளவு என்பது அப்போது புரிந்தது.

நம் ஜமாஅத்தின் பழைய வரவு செலவு ஏடுகள், நிகாஹ் பதிவேடுகள், ஜனாஸா பதிவு ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் படியெடுத்து வைக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டுள்ளோம். யாருடைய இல்லத்திலேனும் பழைய ரசீதுகள், அழைப்பிதழ்கள், அடிக்கல் நாட்டு விழாப் படங்கள் இருப்பின் அசலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒரு நகலை அலுவலகத்தில் தந்தால் போதும். படத்தின் பின்புறம் தேதியும், நிற்பவர்களின் பெயரும் எழுதித் தாருங்கள். 'ஷஃபான்' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்!

பழவேற்காடு செல்ல விரும்புவோர் திருநின்றவூரில் மின்தொடர்வண்டி ஏறிச் சென்னை மத்திய நிலையம் சென்று, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பேருந்து உண்டு. காலையிலேயே புறப்படுவது நல்லது. கல்லறைத் தோட்டத்தை முதலில் கண்டு, லுஹரைப் பள்ளியில் தொழுது, நிழற்கடிகாரத்தைச் சிறுவர்களுக்குக் காட்டுங்கள். அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் அழகும் உறுதியும் வாய்ந்தவை. அவற்றை விலை பேசிக் குறைக்காமல் வாங்குங்கள். பூநாரைகளைக் காண விரும்பினால் குளிர்மாதங்களில் செல்ல வேண்டும். ஏரியில் படகில் போவோர் படகோட்டியின் சொல்லைக் கேட்டு, பாதுகாப்பு அங்கி அணிந்து, அஸ்ருக்கு முன் கரை திரும்பிவிடுங்கள்.